கீமோ பெண்களின் அசதி: சோம்பேறித்தனம் இல்லை, மருந்தின் வேலை!

சென்னை:-

மார்பக புற்றுநோய்க்கு கீமோ ஏற்றிக்கொள்ளும் பெண்களை இரண்டு விஷயம் பாடாய்ப்படுத்துகிறது. பகலில் அசதி, ராத்திரியில் தூக்கமின்மை. "எப்ப பார்த்தாலும் படுத்தே கிடக்கிறா" என்று வீட்டிலேயே பேச்சு வேறு.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பக புற்றுநோய்க்குத்தான்.

ஏன் இந்த அசதி?

கீமோ மருந்து புற்றுநோய் செல்லை மட்டும் அடிப்பதில்லை. ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து அடிக்கிறது. ரத்தம் குறைந்தால் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கும். பெரும்பாலும் 3 வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏறும். முதல் சில நாள் எழுந்து நிற்கவே முடியாது. மெல்ல தேறுவதற்குள் அடுத்த ஊசி வந்துவிடும்.

வாந்தி வராமல் இருக்க கொடுக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து தூக்கத்தைக் கெடுக்கும். அந்த மாத்திரையை காலையிலேயே போடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். மாதவிலக்கு நின்றுபோய் உடம்பு குப்பென்று வியர்ப்பதும் தூக்கத்தைக் கலைக்கும்.

என்ன செய்யலாம்?

அசதியை மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்த அளவு, தைராய்டு பார்த்து சரி செய்ய வழி உண்டு. நாள் முழுக்க படுத்தால் அசதி கூடும், தினமும் கொஞ்சம் நடந்தால் குறையும். பகல் தூக்கம் அரை மணி நேரம் போதும். சாயங்காலத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரியை தொட்டால், அசதிதானே என்று படுத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கூலி யார் தருவது?

முதல்வர் காப்பீட்டு திட்டம் ஆஸ்பத்திரி செலவை ஏற்கும். போன நாளின் கூலியை தராது. இ.எஸ்.ஐ. உள்ள கம்பெனியில் 2 வருஷம் தொடர்ந்து வேலை பார்த்து, சந்தாவும் ஒழுங்காக கட்டியிருந்தால், புற்றுநோய்க்கு சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். அதிகபட்சம் 2 வருஷம் வரை வாங்கலாம். டாக்டர் சர்டிபிகேட்டுடன் இ.எஸ்.ஐ. ஆபீசில் கேட்க வேண்டும்.

வீட்டு வேலை, சித்தாள் வேலை, பூ வியாபாரம் பார்க்கும் பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. மருந்து ஏறிய மறுநாளே வேலைக்கு கிளம்பினால்தான் அடுப்பு எரியும். உடம்பு தாங்காமல் கீமோவை பாதியில் விட்டால், நோய் திரும்பும் ஆபத்து கூடும்.

அரசு யோசிக்க வேண்டியது இந்தக் கூலியைத்தான். வீட்டில் யோசிக்க வேண்டியது இன்னொன்று. ஊசி போட்ட அந்த நாலு நாளைக்கு தண்ணி குடத்தை புருஷன் தூக்கினால், குடி ஒன்றும் முழுகிப் போகாது!