முஸ்தபாவின் பேட்டரி

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களிடம் 'கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்' விளையாடியிருக்கிறீர்களா என்று கேட்டால் முழிப்பார்கள். 'முஸ்தபா கேம்' என்று சொல்லிப் பாருங்கள். மஞ்சள் தொப்பி, ஓடிவந்து விடும் உதை, கடைசிக் காசும் தீர்ந்துபோன சோகம், எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட ஆட்டம் அது. அதில் வரும் நான்கு நாயகர்களில் ஒருவர் பெயர் முஸ்தபா கெய்ரோ. 1996-ல் 'காதல் தேசம்' பாட்டும் வந்து சேர்ந்துகொள்ள, நம்மூரில் ஆட்டத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

முகையூர் மாதிரி ஊர்ப் பையன்களுக்கு இந்த ஆட்டம் வீட்டில் கிடைக்காது. விழுப்புரமோ திருக்கோவிலூரோ போனால்தான் உண்டு. பஸ்ஸுக்கு வைத்திருந்த காசை பெட்டியில் போட்டுவிட்டு, வீட்டுக்கு எப்படிப் போவது என்று யோசித்தவர்கள் இன்று பிள்ளை குட்டியோடு இருக்கிறார்கள்.

அந்தப் பெட்டிகள் எங்கே போயின? மரம் கரையான் அரித்தது, இரும்பு எடைக்குப் போனது. உள்ளே இருந்த போர்டுதான் சில இடங்களில் பரணிலோ பழைய டிவி மெக்கானிக் கடை மூலையிலோ கிடக்கிறது. ஆட்டம் முழுக்க அந்தப் பச்சைப் பலகையில்தான் இருக்கிறது. 1980-களின் நடுவில் ஜப்பானில் 'ஜாமா' என்று ஒரு பொது இணைப்பு முறை வந்தது. ஒரு பக்கத்துக்கு 28 வீதம் 56 தொடர்புகள். இந்த போர்டைக் கழற்றி அந்த போர்டைச் செருகினால் போதும், அதே பெட்டியில் வேறு ஆட்டம் ஓடும். கடைக்காரர் மாதத்துக்கு ஒரு புது ஆட்டம் காட்டியதன் ரகசியம் இதுதான்.

இப்போது அப்படி ஒரு போர்டு கையில் கிடைத்து, திரையில் ஒன்றுமே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். அனுபவமுள்ள மெக்கானிக் சால்டரிங் அயர்னை உடனே சூடேற்ற மாட்டார். முதலில் பார்ப்பார். சும்மா பார்ப்பதே பாதி வேலை. கீறல் விழுந்த கோடு, பச்சை பூத்த ஐசி கால், பெட்டியைத் தூக்கிப் போட்டதில் சாக்கெட்டிலிருந்து பாதி எழும்பி நிற்கும் சிப், எலி விட்டுப்போன அடையாளம் இதெல்லாம் கண்ணுக்கே தெரியும்.

அடுத்தது கரன்ட். இந்த போர்டுகளுக்கு 5 வோல்ட் வேண்டும். அதில் இருக்கும் பழைய வகை ஐசிக்களுக்கு 4.75-லிருந்து 5.25 வரைதான் கணக்கு. அதற்குக் கீழே போனால் ஆட்டம் பாதியில் உறையும், தானாக முதலிலிருந்து தொடங்கும். மேலே போனால் ஐசி போய்விடும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பவர் சப்ளையின் வாயில் மல்டிமீட்டர் வைத்து, 'அஞ்சு இருக்கே' என்று திருப்தியாகிவிடுவார்கள். நடுவில் உள்ள பழைய ஒயரும் கறுத்துப்போன இணைப்பும் கொஞ்சம் வோல்ட்டைத் தின்றிருக்கும். அளக்க வேண்டியது போர்டின் மேலே, ஐசியின் காலில். பல 'செத்த' போர்டுகள், தங்க முலாம் பூசிய அந்த விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்ததிலேயே எழுந்து உட்கார்ந்திருக்கின்றன.

அதற்கும் மசியவில்லை என்றால் எப்ராம். ஆட்டத்தின் புரோகிராமும் படங்களும் இருக்கும் சிப் அது. மேலே சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும், அதை ஒரு ஸ்டிக்கர் மூடியிருக்கும். 'அழுக்கு ஸ்டிக்கர்' என்று அதைக் கிழித்துப் போடக் கூடாது. புற ஊதா ஒளி பட்டால் உள்ளே எழுதியது அழியும் வகை அது; வெயிலில் நாட்கணக்கில் கிடந்தால் ஆட்டம் மெல்ல மறந்துபோகும். சந்தேகம் வந்தால் சிப்பைக் கழற்றி ரீடரில் படித்து, சரியான பிரதியோடு ஒப்பிடுவார்கள். அந்தப் பிரதிக்கு எங்கே போவது? 1997-ல் இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா தொடங்கிய 'மேம்' என்ற திட்டம், பழைய பெட்டி ஆட்டங்களை கம்ப்யூட்டரில் ஓடவைக்க ஒவ்வொரு சிப்பின் உள்ளடக்கத்தையும் பதிவு செய்துகொண்டே வந்தது. விளையாடத்தான் பெரும்பாலோர் அதைத் தேடினார்கள். மெக்கானிக்குகளுக்கு அது ஒரு ஒப்பீட்டு அகராதியாக மாறிப்போனது.

முஸ்தபா போர்டில் மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1991-ல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஓடிய ஓட்டத்தில், அதன் நகல் போர்டுகள் உலகம் முழுக்கக் கொட்டின. கேப்காமுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். அடுத்த போர்டுகளில் பூட்டுப் போட்டார்கள். சத்தத்தைக் கவனிக்க, இசட்80 ரக பிராசஸரின் 'கபுகி' என்ற தனி வடிவத்தைப் பயன்படுத்தினார்கள். புரோகிராம் குழப்பிய எழுத்தில் இருக்கும். அதைப் படிக்கும் சாவி கபுகிக்குள் இருக்கும். சாவி அழியாமல் காப்பது ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. படத்தைக் கவனிக்கும் சிப்புக்கும் இதே மாதிரி ஒரு பேட்டரி காவல்.

பேட்டரி தீர்ந்தால்? சாவி போச்சு. புது பேட்டரி போட்டாலும் சாவி திரும்பாது. யாரும் கைவைக்காமலே, அலமாரியில் இருந்தபடியே, போர்டு தன்னைத்தானே கொன்றுகொள்ளும். ரிப்பேர் வட்டாரத்தில் இதற்குப் பெயரே 'தற்கொலை பேட்டரி'. இதில் வேடிக்கை என்னவென்றால், பூட்டை உடைத்துச் செய்த நகல் போர்டுகளுக்கு இந்த பேட்டரி தேவையில்லை. காசு கொடுத்து அசல் வாங்கியவன் போர்டு சாகும், திருட்டு நகல் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து கண்டுபிடிக்க வருடக்கணக்கில் ஆனது. அதை கேப்காம் கண்டுபிடிக்கவில்லை, ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். கபுகியை எடுத்துவிட்டு சாதாரண இசட்80 போட்டு, பூட்டு அவிழ்த்த புரோகிராமை எப்ராமில் எழுதிப் பொருத்துவது ஒரு வழி. அதற்கு அடுத்த தலைமுறையான சிபிஎஸ்-2 போர்டுகளில் பூட்டு இன்னும் கடினம். அதன் ரகசியக் கணக்கு 2007-ல்தான் முழுதாகப் பிடிபட்டது. 2016-ல் எடுவார்டோ குரூஸும் அவரது கூட்டாளிகளும், செத்த போர்டுக்குள் சாவியைத் திரும்ப எழுதும் வழியையே வெளியிட்டார்கள். அதற்குத் தேவைப்பட்டது கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு வாங்கும் ஆர்டுயினோ போர்டு. ஆட்டத்தின் அசல் சாவி அப்படியே திரும்பியது. போர்டில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

பொருள் கிடைப்பதுதான் இனிமேல் கஷ்டம். 1976-ல் வந்த இசட்80-க்கு, ஸைலாக் நிறுவனம் 2024 ஜூன் மாதத்தோடு கடைசி ஆர்டர் வாங்கிக்கொண்டு கடையை மூடிவிட்டது. விழுப்புரத்தில் ரயில் ஏறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சல்லடை போட்டால் பழைய ஐசி சில கிடைக்கலாம். ஆனால் கழற்றி விற்ற பழைய சிப்பின் மேல் புது எழுத்து அச்சடித்து விற்பவர்களும் உண்டு. வாங்குபவர் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கிச் சோதித்துக்கொள்வது நல்லது.

போர்டில் ஓடுவது குறைந்த வோல்ட்தான், தொட்டால் ஒன்றும் ஆகாது. பெட்டிக்குள் இருக்கும் பிக்சர் டியூப் அப்படி இல்லை. கலர் டியூபின் ஈ.எச்.டி. ஒயரில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துவைத்திருக்கும். 2006-ல் அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்த காலத்தில், டியூபை டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்த ஒருவர் பெரும்பாலும் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார். அவர்களில் பலர் இப்போது செல்போன் டிஸ்ப்ளே மாற்றுகிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், டியூப் வேலையை அவர் கையில் விடுங்கள். யூடியூப் பார்த்துத் தொட வேண்டாம்.

பரணில் போர்டு கிடந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே இறக்கித் தூசு தட்டிப் பாருங்கள். கரன்ட் கொடுக்க வேண்டாம். பேட்டரி எங்கே இருக்கிறது, கசிந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கசிந்திருந்தால் போர்டைக் கையுறை போட்டு எடுத்து, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். கசியவில்லை என்றாலும் பேட்டரியை நீங்களே பிடுங்கிவிடாதீர்கள். அதில் இன்னும் கொஞ்சம் உயிர் இருந்தால், முஸ்தபாவின் சாவி அதை நம்பித்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறது.