கேம் ஆடினா கம்ப்யூட்டர் 'அவுட்'டா?

படம் போட்டா ஓடுது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் டைப் அடிச்சா ஓடுது. கேமைத் தொட்டு இருபது நிமிஷம் ஆனா மட்டும் 'டப்'புனு சிஸ்டம் படுத்துடுதா? உடனே 'கேம் சரியில்ல மாப்ள'னு திட்டுவோம். இல்லைனா விண்டோஸை அழிச்சுட்டு மறுபடி போடுவோம். கொஞ்சம் பொறுங்க பாஸ். இந்தக் கேஸ்ல கேம் பெரும்பாலும் குற்றவாளி இல்ல, சாட்சி! டைப் அடிக்கிறப்போ அரைத் தூக்கத்துல இருக்கிற ப்ராசஸரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் ஒரே நேரத்துல ஓட ஓட விரட்டுறது கேம்தான். எங்கே ஓட்டையோ, அங்கே ஒழுகும்.

முதல்ல, எப்படி விழுதுன்னு பாருங்க. நீலத் திரை வந்தா ரேம், டிரைவர் மேல சந்தேகப்படலாம். விண்டோஸ் தானா ரீஸ்டார்ட் ஆகி அந்தத் திரையைப் படிக்க விடாது. சிஸ்டம் செட்டிங்ஸ்ல 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' டிக்கை எடுத்துட்டா நின்னு படிக்கலாம். கரன்ட் போன மாதிரி மொத்தமா அணைஞ்சா, சூடு அல்லது எஸ்.எம்.பி.எஸ். 'ஈவன்ட் வியூவர்'ல 'கெர்னல் பவர் 41'னு ஒண்ணு இருக்கும். அதைப் பார்த்துப் பதறாதீங்க. அது டெத் சர்ட்டிஃபிகேட் மாதிரி. செத்தது தெரியும், ஏன் செத்துச்சுனு சொல்லாது!

இப்ப சூட்டுக்கு வருவோம். நம்ம பக்கத்து கமுதியில 2016-ல 648 மெகாவாட் சோலார் மின் நிலையம் வச்சாங்கன்னா சும்மாவா? வெயில் அப்படி! திருச்சுழி பக்கம் சித்திரையில ரூமே அடுப்பு. இதுல அருப்புக்கோட்டைக்காரங்களுக்கு போனஸா தறியில இருந்து பறக்கிற பஞ்சு வேற. கரிசல் புழுதியும் பஞ்சும் சேர்ந்து ஹீட் சிங்க் இடுக்குல கம்பளி போர்த்திடும். ப்ராசஸர் 100 டிகிரியைத் தொட்டா முதல்ல வேகத்தைக் குறைச்சுக்கும், கேம் திக்கும். அப்பவும் சூடு ஏறுனா தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சுடும்.

பைசா செலவில்லாத டெஸ்ட் இதோ: பக்கவாட்டு மூடியைக் கழட்டி, டேபிள் ஃபேனைத் திருப்பி வச்சுட்டு ஆடுங்க. உள்ளே கை மட்டும் வேண்டாம். முன்னைவிட ரொம்ப நேரம் தாங்குதா? சூடுதான் வில்லன். பிளக்கைப் பிடுங்கிட்டு பிரஷ், புளோயர் வச்சுச் சுத்தம் பண்ணுங்க. ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கணும். தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சிருந்தா புதுசு வைங்க. பட்டாணி அளவு போதும்.

ஃபேன் வச்சும் அதே இருபது நிமிஷத்துல அவுட்டா? எஸ்.எம்.பி.எஸ். ஸ்டிக்கரைப் படிங்க. மேல '450 வாட்ஸ்'னு கொட்டை எழுத்துல இருக்கும். நமக்கு வேண்டியது 12 வோல்ட் லைன். அதுல 18 ஆம்பியர்னு போட்டிருந்தா 12 x 18 = 216 வாட்ஸ்தான். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு மட்டும் 170 வாட்ஸ். ப்ராசஸர் ஒரு 65. கூட்டினா 235. கணக்கு இடிக்குதா? நண்பனோட நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஒரு நாள் கடன் வாங்கி மாட்டிப் பாருங்க. பழசைத் திறந்து நோண்டாதீங்க. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கும்.

ரேம் மேல டவுட்டா? ரெண்டு ஸ்டிக் இருந்தா ஒண்ணொண்ணா மாட்டி ஆடுங்க. விண்டோஸ்லயே மெமரி டெஸ்ட்டும் இருக்கு.

'எரர் மெசேஜே சொல்லுதே, அப்புறம் எதுக்கு டெஸ்ட்?'னு கேட்பீங்க. இன்டெல் கதையைக் கேளுங்க. அவங்க 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் சிப் போட்ட மெஷின்கள்ல கேம் பாதியில விழுந்துச்சு. திரையில வந்தது 'வீடியோ மெமரி போதலை'. எல்லாரும் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டினாங்க. கடைசியில 2024 ஜூலையில, ப்ராசஸருக்கு அளவுக்கு மீறி வோல்டேஜ் போனதுதான் காரணம்னு இன்டெல்லே சொல்லுச்சு. ஆகஸ்ட்ல பயாஸ் வழியா திருத்தம் வந்துச்சு, வாரண்டியும் ரெண்டு வருஷம் கூடுச்சு. ஆனா ஏற்கெனவே பழுதான சிப் அந்தத் திருத்தத்தால சரியாகாது, மாத்தத்தான் வேணும். உங்களோடது அந்த வரிசைனா பயாஸ் அப்டேட்டைப் பாருங்க, பில்லைத் தேடி எடுத்து வைங்க.

ஆக, ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. நாலையும் சேர்த்து மாத்தினா சரியாகலாம், ஆனா எது கெட்டதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது. 'கார்டு போச்சு தம்பி, புதுசு போட்டுடலாம்'னு யாராவது சொன்னா, 'வேற கார்டு மாட்டிக் காட்டுங்கண்ணே'னு கேளுங்க. வீட்டுல தறி ஓட்டிச் சேர்த்த காசு அது. முதல்ல ஃபேன், அப்புறம் பிரஷ், அப்புறம் கடன், கடைசியாத்தான் கடை.

அதுவரைக்கும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை பென் டிரைவ்ல ஒரு காப்பி எடுத்து வைங்க. கேம்ல செத்தா இன்னொரு லைஃப் உண்டு. ஹார்ட் டிஸ்க்குக்கு அது கிடையாது மாப்ள!