யார் வாயைக் கட்டுவது?

கல்யாணப் பந்தி. ஜாங்கிரித் தட்டோடு வருகிறார் ஒருவர். பக்கத்து இலைக்காரர் முந்திக்கொள்கிறார்: "அவருக்கு வைக்காதப்பா. சார் சுகர் பார்ட்டி!"

பந்தியே திரும்பிப் பார்க்கிறது. அந்த மனிதர் தலை குனிகிறார்.

சொன்னவர் அடுத்த நிமிஷமே மறந்துவிடுவார். கேட்டவர் மறப்பதில்லை. மறுநாள் ஆபீசில் மாத்திரையை ஒளித்து விழுங்குகிறார். இன்சுலின் போடுகிறவராக இருந்தால், 'யாராவது பார்த்துட்டா?' என்று மத்தியான ஊசியையே விட்டுவிடுகிறார். வினை அங்கேதான் ஆரம்பம்!

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100-க்குச் சுமார் 14 பேர். அதாவது, ஏழு பேரில் ஒருவர். இதில் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

"கண்டதைத் தின்னான், வந்துடுச்சு" என்கிறோம். சாப்பாடும் ஒரு காரணம்தான். ஆனால் பரம்பரை இருக்கிறது, வயது இருக்கிறது. பச்சைக் குழந்தைக்கும் சர்க்கரை நோய் வருகிறதே, அது எத்தனை லட்டு தின்றது?

பழி சுமந்த மனசு என்ன செய்யும்? ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பரீட்சை மார்க் போலப் பார்க்கும். எண் ஏறினால், "நான் தோத்துட்டேன்" என்று சோர்ந்துபோகும். அப்புறம் பரிசோதனைக்கே போகாது. மனக்கவலையில் சுரக்கும் ஹார்மோன்களோ சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும்!

ஒளிப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சர்க்கரை திடீரென்று இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் குழறும். விஷயம் தெரியாதவர் "குடிச்சிருக்கான்" என்று ஒதுங்கிவிடுவார். தெரிந்தவரோ, நினைவு இருக்கும்போதே ஒரு வாய் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உயிரைக் காப்பார். பக்கத்து சீட்டுக்காரர் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள். வெட்கம் பெரிதா, உயிர் பெரிதா?

பாகிஸ்தான் பந்துவீச்சாளர் வாசிம் அக்ரமுக்கு 1997-ல் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. அவர் மூலையில் உட்காரவில்லை. இன்சுலின் போட்டுக்கொண்டே ஆடினார். 2003 உலகக் கோப்பையில், ஒரு நாள் போட்டிகளில் 500 விக்கெட் வீழ்த்திய முதல் வீரர் ஆனார்!

2021-ல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வந்தது. தைரியத்தை எந்தத் திட்டம் கொண்டுவரும்? அது வீட்டிலும் ஆபீசிலும் நாம் கொடுக்க வேண்டியது. "ஏன் ஏறிச்சு?" என்று அதட்டாமல், "வாங்க, சேர்ந்து நடப்போம்" என்று சொல்லிப் பாருங்கள்.

சர்க்கரைக்காரரைப் பார்த்து "வாயைக் கட்டுய்யா" என்கிறோம். கட்ட வேண்டியது அவர் வாயை மட்டுமல்ல; நம்ம வாயையும்தான்!