காற்றில் போகவிருந்த காசு

சென்னையிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவந்த கார் இங்கே முனகுகிறது என்பார்கள். பிரமை அல்ல. சுமார் 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத என்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும்.

எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் இதற்கு வைத்தியம் கண்டுபிடித்துவிட்டார். ஜே.சி. ரோட்டில் விசாரித்த 'எலெக்ட்ரிக் சூப்பர்சார்ஜர்'. காற்றுக் குழாயில் செருகும் 12 வோல்ட் விசிறி. "இழுவை கூடுமாம் சார்." விலை, அவருடைய ஒரு வார வருமானம்.

கணக்குப் போட்டோம். (தமிழ் எம்.ஏ.வுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள்.) 1.2 லிட்டர் என்ஜின் 6,000 சுற்றில் விநாடிக்கு 60 லிட்டர் வரை காற்றை உறிஞ்சும். இழந்த 10 சதவீதத்தை மீட்கவே கிட்டத்தட்ட ஒரு கிலோவாட் வேண்டும். சின்னக் காரின் ஆல்டர்னேட்டர் தருவதே ஏறக்குறைய அவ்வளவுதான். விசிறி 5 ஆம்பியர் இழுத்தால் 60 வாட். ஒரு குண்டு பல்பு! வேகத்தில் அதுவே காற்றுக்கு முட்டுக்கட்டையாகும்.

அசலும் உண்டு. 2016இல் ஆடி எஸ்.க்யூ.7 டீசல் காரில் வந்தது: தனி 48 வோல்ட் ஏற்பாடு, 7 கிலோவாட் மோட்டார், நிமிடத்துக்கு 70,000 சுற்று.

டாக்ஸிக்காரர் பானெட்டைத் திறந்தார். ஏர் ஃபில்டரில் ஓசூர் ரோட்டுத் தூசி அப்பிக் கிடந்தது. அதை மட்டும் மாற்றினார்.