ஒரே பந்தி

கணவன் லூதரன் சபையினன். மனைவி வேறு சபையினள். திருவிருந்து வேளையில் அவன் பீடத்தண்டை செல்ல, அவள் இருக்கையிலேயே இருந்துவிடுகிறாள். ஏன்?

1529ஆம் ஆண்டு ஜேர்மனியின் மார்பூர்க் நகரில் மார்ட்டின் லூதரும் சுவிற்சர்லாந்துச் சீர்திருத்தவாதி சுவிங்கிலியும் வாதிட்டனர். அப்பத்திலும் இரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே உள என்றார் லூதர். அவை அடையாளமே என்றார் சுவிங்கிலி. பந்தி பிரிந்தது. 1973இல் லொயன்பேர்க் உடன்படிக்கையின் வாயிலாக, இரு மரபினையும் சேர்ந்த ஐரோப்பியத் திருச்சபைகள் பல ஒரே பந்திக்கு இசைந்தன. அமெரிக்காவின் மிசூரி சினொட் லூதரன் திருச்சபையோ, விசுவாசத்தில் ஒன்றுபட்டோர்க்கே பந்தி என இன்றும் பொதுவாக வரையறுக்கின்றது. அதற்குக் காரணம் வெறுப்பன்று. உணராது உண்பவர்க்குத் தீங்கு நேருமென்னும் அச்சமே. அவ்வச்சத்தை மதிப்போம், இருக்கையில் தனித்திருப்பவளின் ஏக்கத்தையும் மறவாதிருப்போம்.