குட்வில் யார் வீட்டுச் சொத்து?

ஒரு பெரிய கம்பெனி ஒரு சின்னக் கம்பெனியை வாங்குகிறது. மறுநாள் பேப்பரில் இரண்டு முதலாளிகள் கைகுலுக்கிச் சிரிக்கிறார்கள். அதே நாளில் அந்தச் சின்னக் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் இழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறார்கள். ‘போச்சு, இனிமே இது உருப்படாது’ என்று புலம்புகிறார்கள். உடனே நம் ஊர் புத்திசாலிகளுக்குச் சிரிப்பு வந்துவிடும். ‘வித்தவன் வித்தான், வாங்கினவன் வாங்கினான். நடுவுல உனக்கு என்னய்யா வலிக்குது?’

வலிக்கத்தான் வேண்டும். அந்தப் புலம்பலில் நியாயம் இருக்கிறது. அதைச் சரியாகப் புலம்பத் தெரியாததுதான் நம் குறை.

2006 மார்ச்சில் டெல் கம்பெனி, ஏலியன்வேர் என்ற கம்பெனியை வாங்கியது. டெல் தெரியும். அடுத்த வருஷமே ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தார்களே, அவர்கள்தான். ஏலியன்வேர்? அமெரிக்காவின் மியாமியில் நெல்சன் கொன்சாலஸ், அலெக்ஸ் அகீலா என்ற இரண்டு சிறுவயது சிநேகிதர்கள் 1996-ல் ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் கேம்ஸ் ஆடுகிற பைத்தியங்களுக்காகவே பார்த்துப் பார்த்துப் பெட்டி செய்து கொடுத்தார்கள். நம்ம ரிச்சி ஸ்ட்ரீட் பாஷையில் சொன்னால் அசெம்பிள்டு சிஸ்டம்தான். ஆனால் எந்தக் கடையிலும் கிடைக்காத வேகம், வேற்றுக்கிரக ஆசாமி தலை போட்ட சின்னம், அதற்கேற்ற விலை. டெல் என்ன விலை கொடுத்து வாங்கியது என்று வெளியில் சொல்லவில்லை. ‘ஏலியன்வேர் தனியாகவே நடக்கும், அதன் டிசைனும் சர்வீஸும் அதன் கையிலேயே இருக்கும்’ என்று மட்டும் சொன்னார்கள்.

ஆறு மாசம் கழித்து, அதே வருஷம் செப்டம்பரில், ஹெச்.பி. தன் பங்குக்கு வூடூ பிசி என்ற கம்பெனியை வாங்கியது. கனடாவின் கால்கரியில் ராகுல் சூட், ரவி சூட் என்ற நம் இந்திய வம்சாவளிச் சகோதரர்கள் நடத்திய கடை. அதுவும் அதே மாதிரி, பணமும் பைத்தியமும் இருக்கிறவர்களுக்கான பெட்டி.

இரண்டு கம்பெனிகளின் ரசிகர்களும் பயந்தது ஒரே விஷயத்துக்குத்தான். பெரிய கம்பெனிக்கு எண்ணிக்கை முக்கியம். லட்சம் பெட்டி செய்கிறவன், ஆயிரம் பெட்டி செய்கிறவனைப் போல ஒவ்வொன்றையும் தொட்டுத் தடவிப் பார்க்க மாட்டான். முதலில் உள்ளே இருக்கிற சாமான் மலிவாகும். அப்புறம் சர்வீஸ் தேயும். கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சும். சில சமயம் அதுவும் மிஞ்சாது.

என்ன நடந்தது என்று இப்போது திரும்பிப் பார்க்கலாம்.

வூடூவுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. அவர்கள் 2008-ல் கொண்டுவந்த மெல்லிய லேப்டாப்புக்கு என்வி என்று பெயர். மறுவருஷமே அந்தப் பெயரை எடுத்து ஹெச்.பி. தன் சொந்த லேப்டாப்புகளுக்கு ஒட்டியது. 2010-ல் ராகுல் சூட் வேலையை விட்டே போய்விட்டார். வூடூவின் ஓமன் என்ற பெயரும் முகமூடிச் சின்னமும் 2014-ல் ஹெச்.பி. லேப்டாப் ஒன்றில் மறுபிறவி எடுத்தன. 2024-ல் என்வி என்ற பெயருக்கும் ஓய்வு கொடுக்கப்போவதாக அறிவித்தார்கள். வீட்டை வாங்கியவன் முதலில் கதவைக் கழற்றினான், அப்புறம் ஜன்னலை. கடைசியில் அங்கே ஒரு வீடு இருந்தது என்பதே மறந்துபோனது.

ஏலியன்வேர் பிழைத்தது. நன்றாகவே பிழைத்தது என்றும் சொல்லலாம். டெல்லின் பணமும் கடை விரிப்பும் இல்லாவிட்டால் அந்தப் பெயர் நம் ஊர் ஷோரூம் வரைக்கும் வந்திருக்காது. ஆனால் பிற்காலத்து அரோரா மேசைக் கம்ப்யூட்டர்களைத் திறந்து பார்த்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். மதர்போர்டு டெல் தன் அளவுக்கே வெட்டிக்கொண்டது. அது போனால் கடையில் கிடைக்கிற வேறொன்றை வாங்கி மாட்ட முடியாது. தானே கழற்றி மாட்டி அழகு பார்க்கிற கூட்டத்துக்காகப் பிறந்த பெட்டிக்கு இந்தக் கதி! ரசிகர்கள் விடாமல் திட்டித் தீர்த்தார்கள். 2025-ல் வந்த ஏரியா-51 மாடலில்தான், எல்லாக் கடையிலும் கிடைக்கிற அளவு மதர்போர்டு மறுபடி வந்தது. வாங்கி 19 வருஷம் கழித்து!

இப்போது சொல்லுங்கள், அன்றைக்குப் புலம்பியவர்கள் முட்டாள்களா?

கணக்குப் பிள்ளைகளைக் கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார்கள்: குட்வில். ஒரு கம்பெனியின் கட்டடம், இயந்திரம், சரக்கு எல்லாவற்றுக்கும் விலை போட்டு, கடனைக் கழித்து, அதற்கு மேலேயும் வாங்குகிறவன் கொட்டிக் கொடுக்கிறானே, அந்த உபரிக்குப் பெயர் அது. பேலன்ஸ் ஷீட்டில் சொத்து என்று எழுதுகிறார்கள். சரி, அந்தச் சொத்து எந்தப் பீரோவில் இருக்கிறது? எந்த குடோனில்?

அதில் பெரும்பங்கு வாடிக்கையாளன் வாயில் இருக்கிறது. ‘அண்ணே, யோசிக்காம இதையே வாங்குங்க, நான் அஞ்சு வருஷமா வச்சிருக்கேன்’ என்று மச்சானிடமும் ஆபீஸ் சகாவிடமும் சம்பளமில்லாமல் கேன்வாஸ் செய்தானே, அவன் சேர்த்துக் கொடுத்தது. இரண்டு முதலாளிகள் கை மாற்றிக்கொண்ட சரக்கில் இவன் வியர்வையும் இருக்கிறது. ஆனால் பத்திரத்தில் இவன் கையெழுத்து இல்லை. சாட்சிக் கையெழுத்துக்குக்கூடக் கூப்பிடவில்லை. அப்படிப்பட்டவன் நாலு வார்த்தை சத்தம் போட்டால் அது குழந்தைத்தனமா?

‘கம்ப்யூட்டர் கேம்ஸ் ஆடுகிற பணக்காரப் பிள்ளைகள் சமாசாரம், நமக்கென்ன’ என்று தாண்டிப் போகிறவர்களுக்கு, நம் வீட்டுக் குளிர்பானக் கதை ஒன்று.

1977-ல் கோகோ கோலா இந்தியாவை விட்டுப் போனது. அந்த இடத்தில் பார்லே கம்பெனியின் தம்ஸ் அப் வந்து உட்கார்ந்தது. 1993-ல் கோகோ கோலா திரும்பி வந்தது. வந்த கையோடு தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட், மாஸா என்று பார்லேயின் பிராண்டுகளை வாங்கிப் போட்டது. பங்காளியை ஜெயிப்பதைவிட அவன் வீட்டை வாங்குவது சுலபம் அல்லவா? வாங்கிய பிறகு தம்ஸ் அப்பை ஓரங்கட்டித் தன் கோலாவை முன்னால் தள்ளியது. ஜனங்கள் மசியவில்லை. கடையில் போய் ‘தம்ஸ் அப் இருக்கா?’ என்றே கேட்டார்கள். தம்ஸ் அப்பை அமுக்கினால் லாபம் பெப்சிக்குத்தான் என்று புரிந்தபோது கோகோ கோலா வழிக்கு வந்தது. 2021-ல் தம்ஸ் அப் இந்தியாவில் நூறு கோடி டாலர் பிராண்ட் ஆகிவிட்டது என்று அந்தக் கம்பெனித் தலைவரே பெருமையாக அறிவித்தார்.

கோல்ட் ஸ்பாட்? 2000-வாக்கில் காணாமல் போனது. அதன் இடத்தில் ஃபேண்டா நின்றது. தம்ஸ் அப் குடித்தவர்கள் கடையில் பிடிவாதம் பிடித்தார்கள். கோல்ட் ஸ்பாட் குடித்த பிள்ளைகளோ ஆரஞ்சு நிறத்தில் எதைக் கொடுத்தாலும் குடித்தார்கள். ஒரே விற்பனை, ஒரே முதலாளி. இரண்டு பாட்டிலுக்கும் வேறு வேறு தலையெழுத்து. எழுதியதில் முதலாளிக்கு எவ்வளவு பங்கோ, குடித்தவர்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கட்சி.

ஆனால் எல்லாப் புலம்பலும் ஒன்றல்ல. ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ என்று பெருமூச்சு விடுவது ஒரு வகை. எந்தக் கம்பெனியும் பெருமூச்சுக்கு பயந்ததாகச் சரித்திரம் இல்லை. ‘இந்த ஸ்குரூவை ஏன் மாற்றினாய்?’ என்று குறிப்பாகக் கேட்பது இன்னொரு வகை. அதற்குத்தான் பதில் கிடைக்கும்.

ஐ.பி.எம்மின் கம்ப்யூட்டர் பிரிவை 2005-ல் சீனாவின் லெனோவா வாங்கியபோது, திங்க்பேட் லேப்டாப் பக்தர்கள் உலகமே இருண்டுவிட்டதாகப் பேசினார்கள். இருளவில்லை. அந்தக் கறுப்புப் பெட்டியும் கீபோர்டு நடுவே இருக்கிற சிவப்புக் குமிழும் தொடர்ந்து வந்தன. 2013-ல் லெனோவா, அந்தக் குமிழுக்கான தனிப் பட்டன்களை எடுத்துவிட்டது. பக்தர்கள் இப்போது பொத்தாம்பொதுவாக அழவில்லை. ‘அந்த மூன்று பட்டன் எங்கே?’ என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2015 மாடலில் பட்டன்கள் திரும்பி வந்துவிட்டன. டெல்லும் 2025 ஜனவரியில் எக்ஸ்பிஎஸ் என்ற தன் சொந்தப் பிள்ளையின் பெயரையே நீக்கிப் பார்த்தது. ஒரு வருஷம் தாங்கவில்லை. 2026 ஜனவரியில் அதே பெயரைத் திரும்ப ஒட்ட வேண்டி வந்தது.

நம் தமிழ்நாட்டு ரோஷம் வேறு ரகம். 1916-ல் விருதுநகரில் பிறந்த காளிமார்க், யாருக்கும் விலை போகாமல் தன் பொவன்டோவோடு நிற்கிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்ததும், மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. பொவன்டோவுக்கு ஏக கிராக்கி. நல்ல காரியம். அந்த ரோஷம் அடுத்த கோடைவரை தாங்கியதா என்பதை அவரவர் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துச் சொல்லட்டும். விலை போகாதவனுக்கு நாம் செய்கிற மரியாதை கைதட்டல் இல்லை, தினமும் வாங்குவதுதான்.

இது நகரத்து ரசனைப் பிரச்னை மட்டும் இல்லை. திருத்தணிக்குப் பக்கத்தில் கே.ஜி.கண்டிகையில் ஒரு பையன் அப்பாவை நச்சரித்துத் தவணையில் லேப்டாப் வாங்குகிறான் என்று வையுங்கள். பெரிய சர்வீஸ் சென்டர் வேண்டுமென்றால் திருத்தணி வந்து எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து மெட்ராஸ் போக வேண்டும். ஒருநாள் கூலி போச்சு. அவன் அந்த பிராண்டை வாங்கியதே ‘இது அடிக்கடி ரிப்பேர் ஆகாது’ என்று நாலு பேர் சொன்னதால்தான். தவணை முடிவதற்குள் கம்பெனி கைமாறி, அந்த மாடல் நின்று, ‘பார்ட்ஸ் வர்றதில்லை தம்பி’ என்றால் அவன் யாரிடம் போவான்? கம்பெனிகள் இணைவதைப் பரிசீலிக்கிற போட்டி ஆணையம், சந்தையில் போட்டி குறையுமா என்று பார்க்கும். அந்தப் பையனின் பார்ட்ஸ் அதன் கேள்வி இல்லை. மத்திய நுகர்வோர் துறை 2022-ல் ‘பழுதுபார்க்கும் உரிமை’ என்று ஒரு தளம் தொடங்கியது. வரவேற்கலாம். ஆனால் கைமாறிய பிராண்டின் பழைய வாடிக்கையாளனுக்கு வாங்கியவன் என்ன கடன்பட்டிருக்கிறான் என்பதை யாராவது கறாராகக் கேட்க வேண்டாமா?

சத்தம் போடுவதன் அருமையை இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் ஜில்லாவோடு அந்தப் பக்கம் போய்விட்டது. ‘எங்கிருந்தால் என்ன, முருகன் மலையிலேதானே இருக்கிறான்’ என்று யாரும் சும்மா இருக்கவில்லை. ம.பொ.சி., மங்கலங்கிழார் என்று தலைவர்கள் போராடினார்கள். ஜெயிலுக்குப் போனார்கள். பொதுவாக அழாமல் கிராமம் கிராமமாகக் கணக்கு வைத்து வாதாடினார்கள். படாஸ்கர் தீர்ப்பும் கிராமத்தை அலகாக வைத்து, அங்கே எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம் என்று பார்த்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, திருப்பதி கிடைக்கவில்லை. ஆனால் கேட்காதிருந்தால் இதுவும் கிடைத்திருக்காது.

மண்ணும் மதர்போர்டும் ஒன்றா என்று சண்டைக்கு வராதீர்கள். ஒன்றில்லை. கேட்கிற முறைதான் ஒன்று.

ஆகவே அடுத்த முறை உங்கள் அபிமான பிராண்டை ஒரு பெரிய கை வாங்கினால் ஒப்பாரி வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். பழைய வாரன்ட்டியை யார் பார்ப்பார்கள்? பார்ட்ஸ் எத்தனை வருஷம் கிடைக்கும்? சர்வீஸ் எந்த ஊரில்? பதில் எழுத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள். ‘தனியாகவே நடக்கும்’ என்கிற கைகுலுக்கல் வசனத்தை நம்பாதீர்கள். பதில் வராவிட்டால் கேன்வாஸ் செய்வதை நிறுத்துங்கள். மச்சான் கேட்டால் ‘தெரியலைப்பா’ என்று சொல்லிவிடுங்கள்.

கோடிக் கணக்கில் விலை கொடுத்து வாங்கிய குட்வில், அந்த ஒரு ‘தெரியலைப்பா’வில் கரைய ஆரம்பிக்கும். அப்போது தெரிந்துவிடும், அது யார் வீட்டுச் சொத்து என்று.