மௌனம் சம்மதமா?

ஒரு மளிகைக் கடைக்காரன், நாம் கேட்காத சாமானை நம் பேரில் பற்று எழுதிவிட்டு, "வேண்டாமென்று நீர் சொல்லவில்லையே, ஆகையால் வாங்கிக்கொண்டதாகத்தானே அர்த்தம்" என்று சொல்லுவானேயானால், போடிநாயக்கனூர்க் கடைத்தெருவில் அவன் மறுநாள் கடை திறக்க முடியுமா என்று கேட்கின்றோம். ஆனால் இதே காரியத்தைக் கம்பெனி என்றும் பாங்கி என்றும் பேர் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் செய்துவிட்டால், அதற்கு "சலுகை" என்றும் "இலவசம்" என்றும், அகப்பட்டுக்கொண்டபோது "தொழில்நுட்பக் கோளாறு" என்றும் மரியாதையான பெயர்கள் கிடைத்துவிடுகின்றன.

முதலில் இணையப் பெயர் சங்கதியை எடுத்துக்கொள்ளுவோம். இணையத்தில் ஒரு கடைக்கோ சங்கத்திற்கோ விலாசமாக இருக்கும் பெயருக்கு டொமைன் என்று சொல்லுகிறார்கள். அதன் வால் 'டாட் காம்' என்றாவது 'டாட் இன்' என்றாவது இருக்கும். தமிழ் எழுத்திலேயே '.இந்தியா' என்று முடியும் வாலும் உண்டு. இப்பெயர்களைப் பதிந்து கொடுத்து வருஷத்திற்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்குவதற்கென்றே பதிவுக் கம்பெனிகள் இருக்கின்றன. போடியில் ஏலக்காயும் மிளகும் காப்பியும் வியாபாரம் செய்கிறவர், வடநாட்டானுக்கும் வளைகுடா நாட்டானுக்கும் தம் கடையை இணையத்தில் காட்ட வேண்டுமானால் இக்கம்பெனிகளிடம்தான் போக வேண்டும். மூட்டையின் மேல் எழுதிய பெயருக்கு எவ்வளவு நாணயம் உண்டோ அவ்வளவு நாணயம் இந்தப் பெயருக்கும் உண்டு.

அப்படி இருக்க, 2014-ம் வருஷம் ஜூன் மாதத்தில் 'எக்ஸ்.ஒய்.இசட்.' என்கின்ற புது வால் ஒன்று விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் மிகப் பழைய பதிவுக் கம்பெனியாகிய நெட்வொர்க் சொல்யூஷன்ஸ், தன்னிடம் டாட் காம் வைத்திருந்த வாடிக்கைக்காரர்களில் ஏராளமான பேருக்கு, அதே பெயரை இந்தப் புது வாலோடும் சேர்த்து, அவர்கள் கேளாமலேயே அவர்கள் கணக்கில் பதிந்து வைத்துவிட்டது. கேட்டதா என்றால், ஒரு மின்னஞ்சல் போட்டதாம், வேண்டாதவர்கள் வேண்டாமென்று சொல்லலாமாம், சொல்லாதவர்களெல்லாம் வேண்டுமென்றவர்களாம். விளம்பரத் தபால் என்று நினைத்து ஒருவர் பிரிக்காமலே தள்ளிவிட்டாலும் அவர் சம்மதித்தவராகிவிட்டார்.

இதற்குச் சமாதானம், "முதல் வருஷம் இலவசந்தானே, உமக்கு நஷ்டம் என்ன?" என்பது. இலவசம் யாருக்கு என்பதைச் சற்று கவனிக்க வேண்டும். பின்னால் டாட் காமை நடத்துகிற வெரிசைன் கம்பெனிக்கும் எக்ஸ்.ஒய்.இசட். கம்பெனிக்கும் விளம்பரப் பேச்சைப் பற்றி வழக்கு நடந்தது. அதில் வெளிவந்த விவரப்படி, நெட்வொர்க் சொல்யூஷன்ஸின் தாய்க் கம்பெனி 3,75,000 பெயர்களை எடுத்துக்கொண்டது; அதற்கு ஈடாக எக்ஸ்.ஒய்.இசட். அந்தக் கம்பெனியிடம் விளம்பரத்தை வாங்கிக்கொண்டது. அதாவது பண்டமாற்று. ஊரார் பெயரைத் தராசின் ஒரு தட்டிலும் விளம்பரத்தை மறு தட்டிலும் வைத்து இரண்டு கம்பெனிகள் நிறுத்துக்கொண்டன! "எங்கள் வால் இத்தனை லட்சம் விற்றிருக்கிறது" என்று சொல்லிக்கொள்ள ஒருவருக்கு எண்ணிக்கை கிடைத்தது. வழக்கில் வெரிசைன் தோற்றது. 2017-ல் அப்பீல் கோர்ட்டும் அத்தீர்ப்பையே உறுதி செய்தது. நமக்கு அதில் ஆச்சரியமில்லை. அது இரண்டு கம்பெனிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட வியாபாரச் சண்டை. பெயரைப் பறிகொடுத்தவர்களின் சம்மதம் அங்கே கேள்வியாகவே வரவில்லை.

தவிர, பதிவு என்பது வெறும் பரிசுப் பொருளல்ல. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே அந்த விலாசத்திற்குப் பொறுப்பாளி. "இது என் வியாபாரக் குறி" என்று மற்றொருவன் தகராறு செய்தால் நோட்டீஸ் வருவதும் அவர் வீட்டிற்குத்தான். புதுப்பிக்கும் பில்லும் அடுத்த வருஷம் அவரைத் தேடித்தான் வரும்.

இக்கம்பெனி இதற்கு முன்பே 2008-ம் வருஷம் ஜனவரியில் மற்றொரு வேடிக்கையும் செய்திருக்கிறது. இன்ன பெயர் காலியாக இருக்கிறதா என்று ஒருவர் அதன் தளத்தில் தேடிப் பார்த்தால், உடனே அப்பெயரைத் தானே பதிந்து நான்கு நாள் வைத்துக்கொள்ளும். அதுவரை வேறெந்தக் கம்பெனியிடமும் அவர் வாங்க முடியாது. இதுவும் வாடிக்கைக்காரரைப் பாதுகாக்கவே என்று சொல்லப்பட்டது. பதிந்த பெயரை ஐந்து நாளுக்குள் திருப்பிவிட்டால் காசு இல்லை என்று விதியில் ஒரு சந்து இருந்தது. அதன் வழியாகப் பெரிய பெரிய கம்பெனிகள் லட்சக்கணக்கில் பெயர்களைப் பதிந்து ருசி பார்த்துத் திருப்பிக் கொண்டிருந்தன. பெயர்களுக்கு மேலதிகாரியாகிய ஐகான் சபை, அளவுக்கு மிஞ்சித் திருப்பும் ஒவ்வொரு பெயருக்கும் கட்டணம் என்று விதித்தது. ஒரு வருஷத்திற்குள் அந்த வழக்கம் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் ஒழிந்து போயிற்று. உபதேசத்தால் ஒழியாதது, காசு கேட்டவுடன் ஒழிந்தது.

நிற்க, இதெல்லாம் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வியாபாரிகள் சங்கதி, விடியுமுன் தூக்குச்சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறைப் பக்கமும் சாந்தம்பாறைப் பக்கமும் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களுக்கு இதில் என்ன என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குத்தான் அதிகம் இருக்கிறது என்று சொல்லுகின்றோம்.

2017-ம் வருஷம் செல்போன் வைத்திருப்பவரெல்லாம் ஆதாரைக் கொண்டு சிம்மை உறுதி செய்ய வேண்டும் என்று ஊரெங்கும் விரல் ரேகை வைக்கச் சொன்னார்களல்லவா? அப்போது ஏர்டெல் கடைகளில் சிம்முக்கென்று வைத்த ரேகையைக் கொண்டு, அநேகருக்கு அவர்கள் அறியாமலே ஏர்டெல் பேமெண்ட்ஸ் பாங்கியில் கணக்கும் திறக்கப்பட்டது. அதோடு நிற்கவில்லை. ஒருவருடைய ஆதாரோடு கடைசியாக எந்தப் பாங்கிக் கணக்கு சேர்க்கப்படுகிறதோ அதற்கே சர்க்கார் மான்யம் போய்ச் சேரும்படி ஏற்பாடு இருப்பதால், சமையல் காஸ் மான்யம் பழைய கணக்கை விட்டுவிட்டு இந்தப் புதுக் கணக்கிற்குப் போய் உட்கார்ந்துகொண்டது. மான்யம் ஏன் வரவில்லை என்று பழைய பாஸ் புஸ்தகத்தைத் தூக்கிக்கொண்டு பாங்கிக்கும் காஸ் ஏஜென்சிக்கும் அலைந்தவள், அரை நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தாள். 31 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களுடைய சுமார் 190 கோடி ரூபாயைப் பழைய கணக்குகளுக்குத் திருப்ப வேண்டியதாயிற்று. 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் அக்கம்பெனியின் ஆதார் சரிபார்ப்பு அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் ரிசர்வ் பாங்கி 5 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 190 கோடிக்கு 5 கோடி! அலைந்தவளுடைய கூலிக்கு எந்த உத்தரவிலும் கணக்கில்லை.

சேமிப்புக் கணக்கு போகட்டும். கடனையே கேளாமல் கொடுத்ததும் உண்டு. 2021 மே மாதத்தில், பெண்கள் குழுக்களுக்குச் சிறு கடன் கொடுக்கும் தன்னுடைய கிளைக் கம்பெனியின் மூலம் சுமார் 84,000 கடன்கள், வாங்கினவர்களுடைய சம்மதம் பதிவாகாமலேயே கொடுக்கப்பட்டுவிட்டதாக இண்டஸ்இண்ட் பாங்கி அவ்வருஷம் நவம்பரில் ஒப்புக்கொண்டது. தொழில்நுட்பக் கோளாறு என்றும், இரண்டு நாளில் ஊழியர்களே தெரிவித்துவிட்டார்கள் என்றும், மற்றபடி சொல்லப்பட்ட புகார்கள் ஆதாரமற்றவை என்றும் அது சொல்லிற்று. அப்படியே இருக்கட்டும். கோளாறு என்பது 84,000 பேருடைய கடனைத் தள்ளுபடி செய்யும் பக்கமாக ஒருநாளும் ஏன் ஏற்படுவதில்லை என்பதுதான் நமக்கு விளங்கவில்லை. வெளிநாட்டார் மாத்திரம் யோக்கியர்கள் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வெல்ஸ் பார்கோ பாங்கி ஊழியர்கள், மேலே உள்ளவர்கள் வைத்த இலக்கை எட்டுவதற்காக வாடிக்கைக்காரர்கள் பேரில் லட்சக்கணக்கான கணக்குகளை அவர்களறியாமல் திறந்தார்கள் என்று 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம் போடப்பட்டது.

இவ்வளவுக்கும் அடியில் இருப்பது, "மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்கின்ற பழைய வசனமேயாகும். இந்த வசனத்தை யார் யார்மேல் பிரயோகித்து வந்தார்கள் என்று பார்த்தால் அதன் யோக்கியதை விளங்கிவிடும். மிராசுதார் பேசாமலிருந்தால் அவர் சம்மதித்துவிட்டார் என்று எவனும் அவர் நிலத்தில் ஏர் பூட்டினதில்லை. கல்யாணப் பேச்சில் தலை குனிந்து நிற்கும் பெண்ணுக்கும், கூலி குறைக்கப்பட்டபோது வாய் திறக்க முடியாத பண்ணையாளுக்குமே இது சொல்லப்பட்டது. பேச முடியாதவன் பேசாமலிருப்பதை, பேசக்கூடியவன் தனக்கு அனுகூலமாக மொழிபெயர்த்துக்கொள்ளுவதே இதன் தாத்பரியம். 1967-ல் தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்திற்குச் சட்டம் செய்தபோது, அது செல்லுபடியாவதற்குச் சொல்லப்பட்ட வழிகளில் முதலாவது, மணமக்கள் இருவரும் தங்களுக்குப் புரிந்த பாஷையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லுவது. புரிந்த பாஷை, சொல்லுவது என்னும் இரண்டையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

கோர்ட்டுகளும் இதை அறியாதவை அல்ல. 1862-ல் இங்கிலாந்தில் ஒரு சித்தப்பன் தன் அண்ணன் மகனுக்கு, "உன் குதிரையைப் பற்றி இனி ஒன்றும் எழுதாவிட்டால் அது 30 பவுன் 15 ஷில்லிங்குக்கு என்னுடையதென்று எண்ணிக்கொள்வேன்" என்று கடிதம் எழுதினான். பிள்ளை பதில் எழுதவில்லை. ஏலம் போடுகிறவன் தவறுதலாகக் குதிரையை வேறொருவனுக்கு விற்றுவிட்டான். சித்தப்பன் ஏலக்காரன் மேல் வழக்குப் போட, பதில் வராததைச் சம்மதமாக்கிக்கொள்ள உனக்கு அதிகாரமில்லை, குதிரை உன்னுடையதாகவே ஆகவில்லை என்று தீர்ப்பாயிற்று. நம் நாட்டு 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமும், இருவரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொள்ளுவதுதான் சம்மதம் என்கிறது. சிம்முக்கு என்று நினைத்து விரல் வைத்தவளும், பாங்கிக்கு என்று நினைத்து வைக்கச் சொன்னவனும் எந்த அர்த்தத்தில் ஒன்றுபட்டார்கள்?

அவ்வளவு தூரம் போவானேன்? போடியிலேயே ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏல நிலையம் இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் மூலமே விலை கேட்கிறார்கள். விலை கேளாமல் சும்மா உட்கார்ந்திருந்த வியாபாரி தலையில் எந்தக் குவியலையும் கட்டுவதில்லை. விலை கட்டாவிட்டால் சரக்குக்காரர் தம் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஏலத்திற்கு வந்த நிறை இவ்வளவு, விற்ற நிறை இவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகவே வெளியிடுகிறார்கள். ஒரு மூட்டை ஏலக்காய்க்கு இருக்கும் இந்த மரியாதை, அதை எடுத்த பெண்ணின் விரல் ரேகைக்கு இல்லாமற் போவானேன்?

சட்டம் புதிதாகவும் வந்திருக்கிறது. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், கேளாமல் கூடையில் சாமான் சேர்ப்பது முதலிய 13 தந்திரங்களைத் தடுத்து உத்தரவு போட்டது. அதே வருஷத்தில் நிறைவேறின தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது தெளிவான ஒரு செய்கையால் காட்டப்பட வேண்டும் என்றும், விவரத்தைத் தமிழ் உள்பட அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்க வசதி வேண்டும் என்றும் சொல்லுகிறது. ஆனால் அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதத் தவணையும் கொடுத்திருக்கிறார்கள். கூலிக்காரனுக்குக் கடன் தவணையில் ஒரு வாரம் தள்ளிக் கொடுக்காதவர்களுக்கு 18 மாதம்!

நாம் கேட்பது மூன்று. சம்மதமில்லாமல் பதிந்த பெயரானாலும் கணக்கானாலும் கடனானாலும், அதை நீக்கும் செலவு பதிந்தவனையே சேர வேண்டும். அபராதம் சர்க்கார் பெட்டிக்கு மாத்திரம் போகாமல், அலைந்தவர்களின் கூலிக்கும் அதில் பங்கு வேண்டும். சம்மதம் வாங்கினோம் என்று நிரூபிக்கும் பாரம், வாங்கினதாகச் சொல்லுகிறவன் தலையிலேயே இருக்க வேண்டும்.

இதற்கிடையில், போடிப் பக்கத்து மகளிர் குழுக்களில் எழுத்தறிந்த பெண் ஒருத்தியாவது, ஆதார் தளத்தில் தத்தம் ஆதார் எந்தப் பாங்கியோடு சேர்ந்திருக்கிறது என்று குழுவிலுள்ள ஒவ்வொருவருக்கும் பார்த்துச் சொல்லட்டும். கேளாத கணக்கோ கடனோ தென்பட்டால் முதலில் அந்தப் பாங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும்; பதில் திருப்தியாக இல்லாவிட்டால் ரிசர்வ் பாங்கியின் 14448 என்னும் எண்ணுக்குப் பேசி, மேற்கொண்டு செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள்ளலாம். மற்ற வியாபாரப் புகார்களுக்கு 1915 இருக்கிறது. இணையப் பெயர் வைத்திருக்கும் வியாபாரிகள் தங்கள் கணக்கைத் திறந்து, தாங்கள் கேட்ட பெயர்கள் மாத்திரந்தான் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். கேளாத பெயர் இருந்தால் அதை ரத்து செய்யச் சொல்லி, பதிலை எழுத்து மூலம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.